பள்ளி வாசலில் விற்கும் சாயம்: எச்சரிக்கை எங்கே?

பள்ளி விட்டதும் பிள்ளைகள் மொய்ப்பது தேன்மிட்டாய், ஜவ்வு மிட்டாய், கலர் ஐஸ் விற்கும் இடத்தில்தான். அந்தப் பளிச்சிடும் நிறம் எதனால் ஆனது என்பது காசு கொடுக்கும் பெற்றோருக்கும் தெரியாது.

2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தினர், செயற்கை நிறமிகளும், உணவு கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தை 3 வயதுக் குழந்தைகளுக்கும், 8, 9 வயதுச் சிறார்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகத் துறுதுறுப்பு சற்றுக் கூடியது. பாதிப்பு பிள்ளைக்குப் பிள்ளை வேறுபட்டது. அதையடுத்து, 'குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம்' என்ற எச்சரிக்கையை ஆறு நிறமிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் கட்டாயமாக்கியது.

அந்த ஆறில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பொன்சோ 4ஆர் ஆகிய நான்குக்கு இந்தியாவில் அனுமதி உண்டு. ஆனால், நிறமியின் பெயர் அல்லது எண்ணுடன் 'அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம் உள்ளது' என்று அச்சிட்டாலே இங்கே போதும்; அந்த எச்சரிக்கை தேவையில்லை. பெரும்பாலான உணவுகளில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்பது உச்சவரம்பு. கண்ணளவில் சாயப்பொடி தூவும் இடத்தில் அதை யார் அளக்கிறார்கள்? உதிரியாக விற்கும் பண்டத்துக்கு லேபிளும் கிடையாது.

பிள்ளையின் அடங்காத சேட்டைக்கெல்லாம் மிட்டாய்தான் காரணம் என்று சொல்ல முடியாது. கவனச்சிதறலும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட ஏ.டி.எச்.டி. குறைபாட்டில் மரபணுவுக்குப் பெரும் பங்குண்டு. சர்க்கரைமீது சுமத்தப்படும் பழியும் ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. ஒவ்வாமை என்று தாங்களாகவே முடிவுகட்டி, பாலையும் முட்டையையும் நிறுத்தினால் சத்துக்குறைவுதான் மிஞ்சும். சந்தேகம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆனால், சத்து எதுவும் தராத சாயத்தைத் தவிர்ப்பதால் பிள்ளைக்கு எந்த நஷ்டமும் இல்லை.

அரசு நினைத்தால் முடியும். துணிச்சாயமான ரோடமின்-பி இருப்பது சோதனையில் தெரிந்ததும், 2024 பிப்ரவரியில் தமிழகம் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடைசெய்தது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவை விற்கக்கூடாது என்ற மத்திய விதிமுறையும் 2020-லேயே வந்துவிட்டது. அந்த வரம்புக்குள் செயற்கை நிறமிகளையும் சேர்க்க வேண்டும்.

நிறமியின் பெயரும் எச்சரிக்கையும் பாக்கெட்டில் தமிழில், படிக்கும் அளவில் இருக்க வேண்டும். பள்ளிப் பகுதிகளில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் பருவத்துக்கு ஒருமுறையாவது மாதிரி எடுத்து, முடிவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். சிறு வியாபாரியிடம் அபராதம் வசூலிப்பதோடு நில்லாமல், அவருக்குச் சாயப்பொடி விற்கும் மொத்தக் கடையையும் சோதிக்க வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் இதைத் தீர்மானமாக்கி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பட்டும்.