ரயில் வந்தது, பஸ் எங்கே?

பெங்களூர் மஞ்சள் மெட்ரோ 2025 ஆகஸ்ட் 10-ந் தேதி பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. 19 கிலோ மீட்டர், 16 நிலையங்கள். நம்ம ஓசூர் வாசலுக்கே வந்த மாதிரி!

முதலில் ஓடியது 3 ரயில்தான். 25 நிமிஷத்துக்கு ஒன்று. ஒன்றை விட்டால் கால் கடுக்க நிற்கவேண்டியதுதான். ரயில்கள் கூடியது பிறகுதான்.

சரி, நம்ம பக்கம்? நாகரசம்பட்டியில் விடியும் முன் கிளம்புகிறவர் கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பஸ் மாறி, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டவேண்டும். பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட், மெட்ரோவுக்கு வேறு. எந்த ரயிலுக்கு எந்த பஸ்? கேட்டால் கண்டக்டர் என்ன சொல்வார், பாவம்!

சென்னையில் மாநகர பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் 'சென்னை ஒன்' செயலியிலேயே டிக்கெட் எடுக்கலாம். அதைக் கொண்டுவந்தது ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம். குழுமத்துக்குச் சட்டம் வந்தது 2010-ல், செயலி வந்தது 2025-ல். (நம்ம டவுன் பஸ்ஸே தேவலை!)

இங்கே இரண்டு மாநிலம். பொதுவாக ஒரு குழுமம் அமையட்டும் என்று காத்திருந்தால் தலை நரைத்துவிடும்.

இப்போதைக்கு, ரயில் நேரம் பார்த்து ஓசூர் - பொம்மசந்திரா பஸ்ஸை விடுங்கள். ஷிப்டு விடும் நேரத்தில் கூடுதலாக விடுங்கள். அந்த நேரப் பட்டியலை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள்.