மேற்கோள் எண்ணிக்கையும் மேன்மையும்

திண்டுக்கல் சமவெளியில் நின்று மேற்கே நோக்கினால் கொடைமலைத் தொடர் நீலமாய் எழும். அம்மலைமீது 1899-இல் நிறுவப்பெற்ற கதிரவ ஆய்வுக்கூடத்திற்கு 1960-இல் இயக்குநராக வந்தவர் வானியற்பியல் அறிஞர் வைணு பாப்பு. விண்மீனின் ஒளியில் காணும் கால்சியக் கோட்டின் அகலத்தைக் கொண்டு அதன் உண்மை ஒளிர்வை அறியலாம் என்பதை, ஓலின் வில்சனுடன் இணைந்து 1957-இல் தமது முப்பதாம் வயதில் நிறுவியவர். அது ‘வில்சன் பாப்பு விளைவு’ எனப் பெயர் பெற்றது.

இன்று ஆய்வாளரின் தகுதியையும் கல்லூரியின் தரவரிசையையும் அளப்போர், கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என எண்ணுகின்றனர். அவ்வெண் பயனற்றதன்று, ஆயினும் அதுவே முழு அளவுகோல் ஆகாது. கட்டுரைகளைப் பெருக்கியிருக்கத்தக்க ஆண்டுகளைப் பாப்பு பிறர்க்கென ஈந்தார். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானாய்வகம் அமைத்தார், 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குத் திட்டம் வகுத்தார். 1982-இல் அவர் மறைந்தார். 1986-இல் நாட்டுக்கு வழங்கப்பெற்ற அத்தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் துணையால் பிறர் எழுதும் கட்டுரைகள் எவர் கணக்கில் சேரும்?

அறிவின் பயன் விளையும் காலமும் நம் கணக்கிற்கு அடங்குவதன்று. 929-இல் மறைந்த அரபு வானியலறிஞர் அல்-பத்தானியின் அளவீடுகளை, 1543-இல் வெளிவந்த தம் நூலில் கோப்பர்னிக்கஸ் பெயர் சுட்டி எடுத்தாண்டார். இடையே கழிந்தவை அறுநூறு ஆண்டுகள்!

ஆகவே, ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கும் பெரியோர், “எத்தனை மேற்கோள்?” என்று வினவுமுன், “எத்தனை பேருக்கு வழி திறந்தார்?” என்று வினவுவாராக. மாணவச் செல்வங்களே, நீங்களும் அவ்வினாவிற்கு விடையாக வாழுங்கள்.