ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ ஒண்டுக் குடித்தனம் இருந்து பழகியவர்களுக்கு நான் சொல்லப் போவது புதிதல்ல. வாசல் ஒன்று, கிணறு ஒன்று, ஆனால் அடுப்பு இரண்டு. முன்கட்டில் சாம்பார் கொதிக்கும். பின்கட்டில் மோர்க்குழம்பு தாளிப்பார்கள். ஒருவர் சமையலில் மற்றவர் தலையிடாத வரையில் சண்டை கிடையாது. லாப்டாப்பிலும் இப்படி இரண்டு குடித்தனம் வைக்கலாமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

கேட்டிருப்பவர் ஒரகடத்திலிருந்து ஒரு சகோதரி. தொழிற்சாலையில் வேலை, தபால் மூலம் பட்டப் படிப்பு. அம்மாவும், இன்ஜினீயரிங் முதல் வருஷம் படிக்கும் தம்பியும் கூடவே இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு லாப்டாப். அதுவும் இவர் சம்பளத்தில் வாங்கியது. தம்பி சொல்கிறானாம்: "அக்கா, இந்த விண்டோஸ் பழசாகிவிட்டது. அழித்துவிட்டு லினக்ஸ் போடுகிறேன். காலேஜிலும் அதில்தான் பழகச் சொல்கிறார்கள்." அக்காவுக்கோ பாடக் குறிப்புகள், சர்ட்டிபிகேட்டுகள், காலமான அப்பாவின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான். "புது லாப்டாப் ஒன்று வாங்கினால்தான் சமாதானமா?" என்று கேட்கிறார்.

வேண்டியதில்லை, அம்மா. உங்கள் சம்பளம் உங்களிடமே இருக்கட்டும்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமாநுஜர் அவதரித்த ஊர் என்றுதான் முன்பெல்லாம் நினைவு வரும். இன்று கம்ப்யூட்டரும் செல்போனும் நினைவுக்கு வருகின்றன. 2006-ல் அங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா 2014-ல் மூடிப் போயிற்று. 2007-ல் டெல் கம்பெனி கம்ப்யூட்டர் தொழிற்சாலை திறந்தது. பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படியான விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் அனுப்பும் வட்டாரத்தில் ஒரு லாப்டாப்புக்காக அக்கா தம்பி சண்டை என்றால் வேடிக்கைதான்!

தமிழ்நாட்டுக்கு இந்த இரட்டைக் குடித்தனம் பழக்கமானதே. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த லாப்டாப்பில் விண்டோஸும் இருந்தது. 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. பாஸ், நம் நாட்டு சி-டாக் நிறுவனம் தயாரித்தது. நான் பார்த்த சில வீடுகளில் பிள்ளைகள் அந்த இரண்டாவது கட்டின் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை!

விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் என்ன? மிஷினை எழுப்பி, திரை, விசைப்பலகை, டிஸ்க் எல்லாவற்றையும் வேலை வாங்கும் எஜமானிகள். ஒரு சமயத்தில் ஒருத்திதான் ஆட்சி செய்வாள். சுவிட்சைப் போட்டதும், "யார் வீட்டுக்கு?" என்று வாசலில் ஒரு சிறு பட்டியல் கேட்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் போதும். தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. பழைய லாப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸோ காசில்லாமல் கிடைக்கும். பழைய மிஷினிலும் ஓடும்.

இனிக் காரியத்தைப் பார்ப்போம்.

முதலாவதாக, அப்பாவின் போட்டோவையும் சர்ட்டிபிகேட்டையும் வேறு ஒரு டிஸ்கில் பிரதி எடுத்துத் தனியே வையுங்கள். இது முடியாமல் தம்பியை லாப்டாப் பக்கம் விடாதீர்கள்.

இரண்டாவது, விண்டோஸில் 'பிட்லாக்கர்' என்ற பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. வாசல் ஏற்பாட்டை மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். எண் இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது. காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, நிச்சயம் செய்வதற்கு முன் மாப்பிள்ளையைப் பார்ப்பதில்லையா? உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, டிஸ்கைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

நான்காவது, விண்டோஸுக்குள் இருந்தபடியே அதன் இடத்தைச் சற்றுக் குறைத்துக் காலியிடம் விடவேண்டும். தம்பியின் பாடத்துக்கு 50, 60 ஜிபி தாராளம். 'வேகத் தொடக்கம்' என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுக்கத் தூங்காமல் டிஸ்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஐந்தாவதுதான் கண்டம். லினக்ஸை நிறுவும்போது, "விண்டோஸுடன் சேர்த்து வைக்கவா, டிஸ்க் முழுவதையும் அழிக்கவா?" என்று கேட்கும். அந்த நேரத்தில் தம்பியின் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருங்கள். கடைக்காரரிடம் கொடுத்தாலும், "ஃபார்மட் செய்யக் கூடாது" என்று எழுதியே கொடுங்கள்.

முடிந்த பிறகு ஒரு சிறு வேடிக்கை நடக்கும். விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும்! மிஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது; விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று நம்புகிறது. ஏதாவது ஒன்றின் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். ஆன்லைன் பரீட்சை உள்ளவர்கள் இதை முதலிலேயே கவனிப்பது நல்லது.

கடைசியாக, பெண்களுக்கென்றே ஒரு வார்த்தை. லினக்ஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் விண்டோஸ் அறையில் உள்ள சாமான்கள் தெரியும்; விண்டோஸிலிருந்து லினக்ஸ் அறை சாதாரணமாகத் தெரியாது. அதாவது தம்பி உங்கள் பெட்டியைத் திறக்கலாம். நீங்கள் அவன் பெட்டியைத் திறக்க முடியாது. விண்டோஸுக்கு வைத்த பாஸ்வேர்டு இதைத் தடுக்காது. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் தடுக்கும். அது இல்லாத மிஷினானால், அந்தரங்கமான காகிதங்களைத் தனி டிஸ்கில் வைத்துப் பீரோவில் பூட்டுங்கள். தம்பி தங்கமான பிள்ளையாகவே இருக்கலாம். ஆனாலும் சம்பாதிக்கிற பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு சாவி இருப்பதில் தவறேதும் இல்லை.

தம்பியிடம் இதை அன்பாகவே சொல்லுங்கள்: "லினக்ஸ் போட்டுக்கொள், கண்ணா. ஆனால் என் கட்டை இடிக்காமல் போட்டுக்கொள்." இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைக்கு அதுவும் ஒரு நல்ல பாடம்தானே!