ஆறாவது நகர்த்தலில் போன பிஷப்

வருடக்கணக்கில் சிசிலியன் ஆடித் தோற்றவர், ஒரு நாள் வெறுத்துப்போய் காரோ-கானுக்கு மாறுகிறார். மாறுவதில் தவறில்லை. 1958-ல் ஸ்மிஸ்லோவிடமிருந்து உலகப் பட்டத்தை மீட்க பாட்வின்னிக் கையில் எடுத்தது காரோ-கானைத்தான். 2008-ல் பான் நகரில் க்ராம்னிக்கைச் சந்தித்த ஆனந்த், வழக்கமான இ4-ஐ விட்டு டி4-ல் தொடங்கி வென்றார். ஆனால் அவர்களுக்குத் துணையாக ஒரு குழுவே உழைத்தது. நமக்குக் கிடைப்பது ஆபீஸ் முடிந்த பிறகு ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பாலோர் செய்வது மனப்பாடம். நானும் அதையே செய்தேன். இ4 சி6, டி4 டி5, குதிரை சி3. கறுப்புச் சிப்பாய் இ4-ல் வெட்ட, வெள்ளைக் குதிரை திருப்பி வெட்டுகிறது. கறுப்பு பிஷப் எஃப்5-க்கு வருகிறது. குதிரை ஜி3-லிருந்து மிரட்ட, பிஷப் ஜி6-க்கு ஒதுங்குகிறது. ஆறாவதாக வெள்ளை எச்4, கறுப்பு எச்6. பிறகு வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை டி7. தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன்.

போட்டியில் எதிரே ஒரு பள்ளிச் சிறுவன். எச்4 ஆடினான். நான் வரிசையை மாற்றி, குதிரையை முதலில் டி7-க்கு நகர்த்தினேன். அவன் யோசிக்காமல் எச்5 என்றான். பிஷப் எந்தக் கட்டத்துக்குப் போனாலும் வெட்டு. பத்து நிமிஷத்தில் கதை முடிந்தது.

எச்6 எதற்கு? எச்5 வந்தால் பிஷப் எச்7-ல் ஒதுங்க. டி7 குதிரை எதற்கு? எஃப்3 குதிரை இ5-க்குத் தாவி பிஷப்பைத் தாக்காமல் தடுக்க. முதல் கேள்வி எழும் முன்பே இரண்டாவதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். காரணம் தெரிந்திருந்தால் வரிசை மறந்திருக்காது.

அதன் பிறகு முறையை மாற்றினேன். வெள்ளையின் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரே ஒரு பதில். அதற்கு மேல் ஆசைப்படுவதில்லை. கார்போவ் கறுப்பில் ஆடிய காரோ-கான் ஆட்டங்களை முதல் பத்து நகர்த்தலோடு நிறுத்தாமல் கடைசி வரை பலகையில் ஆடிப் பார்த்தேன். முன்னேறிய அந்த எச்5 சிப்பாயே இறுதிக் கட்டத்தில் வெள்ளைக்குச் சுமையாகலாம் என்பது அப்போதுதான் புரிந்தது. கம்ப்யூட்டரைத் தோற்ற பிறகுதான் கேட்கிறேன். அது எங்கே தவறு என்று காட்டும். ஏன் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள்: புதிய தொடக்கம் முதல் சில மாதங்கள் உங்கள் ரேட்டிங்கைத் தின்னும். பழைய சிசிலியனுக்கே ஓடிவிடத் தோன்றும் காலம் அதுதான்.

சமீபத்தில் மறுபடி அதே நிலை. எதிராளி எச்4 ஆடினார். சிப்பாயை எச்6-ல் வைத்தேன். பிஷப் எச்7-க்குப் போய், பிறகு டி3-ல் எதிர் பிஷப்போடு கௌரவமாக மாற்றிக்கொண்டது. நாற்பத்தோராவது நகர்த்தலில் டிரா. அரைப் புள்ளிதான். ஆனால் அதன் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் என்னிடம் காரணம் இருந்தது.