கம்பியால் கட்டிய தாங்கி

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியில், கடல் காற்று வீசும் காலத்தில் ஒரு தடவை பயணித்தவருக்கு, தீவுப் பகுதியில் இரும்பு ஏன் நிலைப்பதில்லை என்று நாம் விளக்கிக் கூறத் தேவையில்லை. உப்புத் தூவானம் வாகனத்தின் அடிப்பாகமெங்கும் படிகின்றது. மேலே புதுப் பெயின்ற் மினுங்கும். கீழே எரிபொருள் தாங்கியும் அதனைப் பிடித்திருக்கும் பட்டிகளும் உக்கிக்கொண்டிருக்கும்.

1991 ஒக்டோபரில் இத்தீவை விட்டு வெளியேறிய கமக்காரக் குடும்பங்கள் சில, இன்று யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ இருந்துகொண்டே தமது காணிகளைத் துப்புரவாக்க வந்துபோகின்றன. எரு ஏற்றவும், வைக்கோல் ஏற்றவும், குடிதண்ணீர் கொண்டுவரவும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய லொறியை வாங்குவதை நாம் மனமார வரவேற்கின்றோம். எஞ்சினுக்குச் செலவழிக்கின்றார்கள். முன்கண்ணாடிக்கு மேலே புனித அந்தோனியாரின் பெயரையும் எழுதுகின்றார்கள். தாங்கிக்கு மாத்திரம் கட்டுக்கம்பி! சிலவற்றில் தாங்கியே இல்லை. சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் கான், அதன் வாயில் துணி அடைப்பு.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறு போத்தலில் பொத்திப் பாதுகாத்த பெற்றோலில் சில துளி விட்டு எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடினோம். ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் அப்படித்தான் நோயாளிகளைச் சுமந்தன. அந்தக் கெட்டித்தனத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அன்று எம்மைக் காத்தது எமது கெட்டித்தனம் மட்டுமல்ல, மண்ணெண்ணெயின் இயல்புமே. ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் அதன் ஆவி நெருப்புப் பற்றும். பெற்றோலோ உறைநிலைக்கு 40 பாகை கீழேயும் பற்றத்தக்க ஆவியை விடும். அந்த ஆவி காற்றிலும் பாரமானது. மேலெழுந்து கலைந்து போகாமல், லொறியின் தட்டிலும் கால்மாட்டிலும் தங்கி நிற்கும். அன்றைய கானில் இன்று பெற்றோலை ஊற்றி ஆசனத்துக்குப் பின்னால் வைப்பவர், பழைய பழக்கத்தைத் தொடர்வதாக எண்ணிக்கொண்டு முற்றிலும் வேறான ஓர் ஆபத்தைச் சுமக்கின்றார். 2022 எரிபொருள் நெருக்கடி இக்கான்களை மீண்டும் வீட்டுக்குள்ளும் வாகனத்துக்குள்ளும் கொண்டுவந்தது. நெருக்கடி தணிந்த பின்னரும் சில வாகனங்களில் கான் இறங்கவில்லை.

டீசல் பெற்றோலைப் போல் இலகுவிற் பற்றாது. அதற்காக அலட்சியம் ஆகாது. நூறு லீற்றர் டீசல் ஏறக்குறைய 84 கிலோ. தாங்கியின் பாரத்தையும் சேர்த்தால் ஒரு பெரிய நெல்மூட்டையின் கனம். இதனைக் கட்டுக்கம்பியிற் தொங்கவிட்டு, குழி விழுந்த றோட்டில் ஓடுகின்றோம்.

மாற்றுத் தாங்கியைப் பூட்டும்போது, தொழிற்சாலை துளையிட்டு வைத்த இடத்துக்கே திரும்பிப் போவதுதான் புத்தி. அவ்விடம் சைலன்சருக்கும் பற்றரிக்கும் விலகி, முன் பின் அச்சுகளுக்கு இடையில் இருக்கும். சிறிய பிக்கப் வாகனமாயின் அடிச்சட்டத்தின் இரு கம்பங்களுக்கும் உட்புறமே பாதுகாப்பானது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1973 முதல் 1987 வரை செய்த பிக்கப்களில் தாங்கியைச் சட்டத்துக்கு வெளியே வைத்தது. பக்கத்தில் மோதுண்டபோது தீப்பற்றிப் பலர் இறந்தனர். குறையை ஒப்புக்கொள்ளாத அந்நிறுவனம், 1994இல் பாதுகாப்புத் திட்டங்களுக்கென 5 கோடி டொலருக்கும் அதிகமாகக் கொடுக்க இணங்கியது. பெரும் நிறுவனத்துக்கே இப்படியென்றால், கராஜ் வாசலில் நின்று கண்ணளவில் இடம் பார்க்கும் எமக்கு எவ்வளவு கவனம் தேவை!

தாங்கியை நேரே சட்டத்தோடு வெல்டிங் செய்யக் கூடாது. குழியில் ஒரு சில்லு இறங்கும்போது லொறியின் அடிச்சட்டம் முறுகும். இறுகப் பிடித்த தாங்கியின் மூட்டு அப்போது வெடிக்கும். கனத்த இரும்புப் பிடிகளைச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கி, அவற்றின் மேல் தாங்கியை வைத்து, அகன்ற பட்டிகளால் அணைத்து, இரட்டை நட் இட வேண்டும். பட்டிக்கும் தாங்கிக்கும் இடையில் றப்பர் வைக்கலாம். சாக்குத் துண்டு வேண்டாம். அது உப்பு நீரைக் குடித்து வைத்திருந்து அந்த இடத்தையே அரிக்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயில் ஒரு பகுதி வளையக்கூடியதாக, எரிபொருளுக்கென்றே செய்த றப்பர்க் குழாயாக இருக்கட்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் குழாய் சில மாதங்களிலேயே இறுகி வெடித்துவிடும். துருப்பிடிக்காது என்று நம்பி நாகம் பூசிய தகட்டில் டீசல் தாங்கி செய்விப்பவர்களும் உளர். டீசல் நாகத்தைக் கரைத்துப் பசையாக்கி வடிகட்டியை அடைத்துவிடும். கறுப்புத் தகட்டில் செய்வித்து, வெளியே நன்றாகப் பெயின்ற் அடித்தாற் போதும்.

பழைய தாங்கியின் ஓட்டையை ஒட்டக் கொண்டுபோகும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. ‘வெறும் தாங்கிதானே’ என்று சொல்லாதீர்கள். எரிபொருள் தீர்ந்த தாங்கியில் ஆவி நிறைந்திருக்கும். நிரம்பிய தாங்கியிலும் பார்க்க அதுவே வெடிக்கும். கழுவினாலும் மூட்டு இடுக்குகளில் எண்ணெய் ஒட்டியிருக்கும். புதிதாகச் செய்விக்கும் செலவு ஒரு கையின் விலையிலும் குறைவு.

செலவு என்றதும், எம்மைப் போன்ற நிறுவனங்களும் இதில் குற்றவாளிகளே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாகனத் திருத்தக் கடன் விண்ணப்பங்களில் எஞ்சின், ரயர், பெயின்ற் எல்லாவற்றுக்கும் நாம் தொகை எழுதியிருக்கின்றோம். தாங்கிக்கு ஒரு வரி கேட்டதில்லை. நாம் கேட்காததை மக்கள் ஏன் எழுதப் போகின்றார்கள்? இனி அந்த வரி முதலாவதாக வர வேண்டும், பெயின்ற் கடைசியாக வரலாம் என்பது எமது கருத்து. குழுவில் இதற்கு எதிர்ப்பு வரும். பெயின்ற் படத்தில் தெரியும், தாங்கி தெரியாது.

எரு ஏற்றும் லொறியே திருவிழாக் காலத்தில் பிள்ளைகளையும் ஏற்றுகின்றது. மடுவுக்கு ஆடி 2ஆம் திகதிக்கும் ஆவணி 15ஆம் திகதிக்கும் புறப்படுமுன், பங்கிலுள்ள யாராவது ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லொறிக்கடியிற் படுத்து, தாங்கியை இரு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பார்க்கட்டும். ஆடினால், அன்று அந்த லொறி போக வேண்டாம்.