சட்டத்தின் முதற் பக்கமும் எங்கள் வீட்டுத் தண்ணீரும்



ரொறன்ரோவில் பெருமழை பெய்து ஓய்ந்தால் மறுநாள் எமது சங்கத்தின் தொலைபேசி ஓய்வதில்லை. 2013ஆம் ஆண்டு யூலை 8ஆம் திகதி மழைக்குப் பின்னரும், 2024ஆம் ஆண்டு யூலை 16ஆம் திகதி மழைக்குப் பின்னரும் இதுவே நடந்தது. "பேஸ்மென்ற் முழுக்கத் தண்ணி, நாறுது, வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கினம், ஆரைக் கூப்பிடுறது?" என்பது முதற் கேள்வி. "இது சிற்றி பாக்கிற வேலையோ, வீட்டுக்காரர் பாக்கிற வேலையோ?" என்பது அடுத்த கேள்வி.

இரண்டுக்குமான விடை மாநகரசபையின் சட்டத்தில் இருக்கிறது. அதுவும் எவரும் வாசிக்காமல் புரட்டிவிடுகின்ற முதற் பிரிவில், சொற்களுக்குப் பொருள் கூறும் பிரிவில் இருக்கிறது. எந்தத் தண்ணீர் எந்தக் குழாயில் போகவேண்டும், எந்தக் குழாய் யாருடையது, யார் பொறுப்பு என்பனவெல்லாம் அங்குள்ள சில சொற்களிலேயே தங்கியிருக்கின்றன. சட்டம் வழக்கறிஞர்களுக்கு உரியது, எமது பகுதியோ சுகாதாரப் பகுதி, இங்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். இந்தச் சொற்கள் எமது பிள்ளைகளின் உடல்நலத்தோடு சம்பந்தப்பட்டவை என்பதே எமது கருத்து.

ஒரு சொல்லின் விலை

ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க், பழைய ரொறன்ரோ ஆகிய ஆறும் 1998இல் ஒரே நகராக்கப்பட்டன. அந்தப் புதிய நகருக்கான சாக்கடைச் சட்டம் 2000ஆம் ஆண்டில் நிறைவேறியது. நகரச் சட்டத்தொகுப்பில் அது 681ஆவது அத்தியாயம். குடிநீர் விநியோகம் பற்றியது 851ஆவது அத்தியாயம்.

அதே 2000ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் ஒன்ராறியோவின் வோக்கர்ரன் என்ற சிறு நகரில் குடிநீரில் ஈ.கோலை கிருமி கலந்து 7 பேர் இறந்தனர். 2300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பண்ணை எருவில் இருந்த கிருமி பெருமழையோடு கிணற்றுக்குள் இறங்கியதும், குளோரின் போதாமல் இருந்ததும், பொறுப்பாக இருந்தவர்கள் உண்மையை மறைத்ததும் காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீரில் கிருமி இருப்பதைக் கண்ட தனியார் ஆய்வுகூடம் அதை ஊரின் தண்ணீர்ச் சபைக்கு மட்டும் அறிவித்தது. அமைச்சுக்கோ சுகாதார அதிகாரிக்கோ அறிவிக்க வேண்டும் என்று அப்போது இருந்தது வெறும் வழிகாட்டல், கட்டாயச் சட்டம் அல்ல. நீதிபதி டெனிஸ் ஓகொனரின் விசாரணையில் இவையெல்லாம் வெளிவந்தன. பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் 2002இல் பிறந்ததும் அதன் பின்னர்தான். "வழிகாட்டல்", "சட்டம்" என்ற இரு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு என்னவென்று அந்த ஊர் மக்கள் பெரும் விலை கொடுத்தே அறிந்துகொண்டனர்.

மூன்று வகைக் குழாய்கள்

சாக்கடைச் சட்டம் மூன்று வகைக் குழாய்களைப் பிரித்துச் சொல்கிறது. முதலாவது கழிவுநீர்க் குழாய். குசினி, குளியலறை, மலசலகூடம் ஆகியவற்றின் நீர் இதில் போய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை அடையும். ரொறன்ரோவில் அத்தகைய நிலையங்கள் நான்கு உள்ளன. ஸ்காபரோவிலுள்ள ஹைலண்ட் கிறீக் நிலையம் அவற்றில் ஒன்று.

இரண்டாவது மழைநீர்க் குழாய். வீதியோரத்தில் இரும்புச் சட்டம் போட்ட வாய் ஒன்றைக் காண்கிறோமே, அதில் விழுவது இந்தக் குழாய்க்குள் போகிறது. அது சுத்திகரிக்கப்படுவதில்லை. அருகிலுள்ள ஓடைக்கும், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் நேரே போய்விடுகிறது. நாம் குடிக்கும் நீரும் அதே ஏரியிலிருந்துதான் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படுகிறது. வாகன எண்ணெயையோ, மிஞ்சிய பெயின்ரையோ அந்த வாயில் ஊற்றுபவர் தன் ஊர்க் குளத்திலேயே ஊற்றுகிறார்.

மூன்றாவது கலப்புக் குழாய். நகரின் பழைய பகுதிகளில் கழிவுநீரையும் மழைநீரையும் ஒரே குழாயே சுமக்கிறது. கடும் மழையில் அது கொள்ளாமற் போனால், மழையோடு கலந்த கழிவுநீர் ஆற்றிலும் ஏரியிலும் வழியும். மழைக்குப் பின் ஒன்றிரண்டு நாட்களுக்குக் கடற்கரைகளில் குளிக்க வேண்டாம் என்று நகரின் சுகாதாரப் பிரிவு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்காபரோவின் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டப்பட்டதால் அங்கு பெரும்பாலும் தனித்தனிக் குழாய்களே உள்ளன. ஆனால் அங்கும் மழைநீர் கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து நிரப்பினால், அது நிலக்கீழ் அறையின் தரைத் துவாரத்தால் மேலே எழும். கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாயை நிலத்தடிச் சாக்கடையோடு இணைத்து வைத்திருக்கக் கூடாது என்ற விதி 2016 டிசெம்பர் முதல் நகர் முழுவதற்கும் வந்தது இதனாலேயே.

எங்கள் குசினிக்கும் இதில் பங்குண்டு. பலகாரம் சுட்ட எண்ணெய் சூடாக இருக்கும்போது தண்ணீர் போலத்தான் ஓடும். குழாய்க்குள் போய்க் குளிர்ந்ததும் உறைந்து கட்டியாகும். இந்த நாட்டுக் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைவதை நாமே பார்க்கிறோம். உணவகங்களும் கேற்றறிங் செய்வோரும் எண்ணெய்ப் பிடிப்பான் பொருத்த வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை வடை சுடுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் குழாய் அடைத்தால் நாற்றம் முதலில் எழுவது அவருடைய வீட்டில்தான். தாச்சியைக் கழுவுமுன் கடதாசியால் துடையுங்கள். ஆறிய எண்ணெயைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

நிலத்துக்குக் கீழே ஓர் எல்லை

ஊரில் வேலியை ஓரடி தள்ளிப் போட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய சனம் நாம். இங்கு நிலத்துக்குக் கீழே ஓர் எல்லை இருப்பது எம்மில் பலருக்குத் தெரியாது. வீதியின் பெருங்குழாயிலிருந்து காணி எல்லை வரை வரும் குடிநீர்க் குழாய் நகருடையது. காணி எல்லையிலிருந்து வீட்டுக்குள் வரும் பகுதி வீட்டுச் சொந்தக்காரருடையது.

இது ஏன் முக்கியம்? 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் அந்தக் குழாய் ஈயத்தால் ஆனதாக இருக்கலாம். ஈயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. வயிற்றிலுள்ள சிசுவுக்கும் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், அதிலும் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கனடா சுகாதார அமைச்சு ஒரு லீற்றர் குடிநீரில் இருக்கக்கூடிய ஈயத்தின் உச்ச அளவை 2019இல் 10 மைக்றோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. அதிலும் எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைப்பது நல்லது என்றும் சொன்னது. குழாயின் உட்புறத்தில் ஒரு படையை உண்டாக்கி ஈயம் கரைவதைக் குறைப்பதற்காக ரொறன்ரோ நகரம் 2014 முதல் குடிநீரில் பொஸ்பேற் சேர்த்து வருகிறது. அது உதவுகிறது. ஆனால் ஈயக் குழாய் இன்னும் அங்கேயே இருக்கிறது.

இங்கு எம்மவரின் ஒரு பழக்கத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று அம்மாமார் சொல்லி வளர்த்தார்கள். கிருமிக்கு அது சரி. ஈயம் கொதித்துப் போவதில்லை, நீர் வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அந்த நீரில் சோறு வைப்பதும், பால்மா கரைப்பதும் இன்னும் கூடாது, ஏனெனில் சூடான நீரில் ஈயம் அதிகம் கரையும். பழைய வீடாக இருந்தால் காலையில் தண்ணீர் நன்கு குளிர்ந்து வரும்வரை ஓடவிட்டு, அதன் பிறகும் ஒரு நிமிடம் விட்டு, குளிர்நீரையே எடுங்கள். வடிகட்டி வாங்குவதானால் ஈயத்தை நீக்குவதற்கென என்.எஸ்.எவ். 53 தரச் சான்று பெற்றதா என்று பெட்டியில் பாருங்கள்.

குழாயை நீங்களே சோதிக்கலாம். தண்ணீர் மீற்றருக்கு அருகில் சுவரால் உள்ளே வரும் குழாயைப் பாருங்கள். ஈயம் மங்கிய சாம்பல் நிறமாக, மென்மையாக இருக்கும். திறப்பால் மெதுவாகச் சுரண்டினால் வெள்ளி போல மினுங்கும். காந்தம் ஒட்டாது.

"சொந்தக்காரர்" என்ற சொல்

நாம் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய சொல் இதுதான். ஈயக் குழாயை மாற்ற முடிவெடுப்பவர் சொந்தக்காரர். அவர் தனது பகுதியை மாற்ற முன்வந்தால் நகரமும் தனது பகுதியை மாற்றித் தருவதற்கு ஒரு திட்டம் உண்டு. ஒரு பாதியை மட்டும் மாற்றினால் சிலகாலம் ஈயம் கூடுதலாக வரக்கூடும் என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் பாக்வோட்டர் வால்வு பொருத்துவதற்கும், சம்ப் பம்ப் வைப்பதற்கும் நகரம் மானியம் தருகிறது. அதற்கு விண்ணப்பிப்பவரும் சொந்தக்காரரே. ஆனால் மீற்றருக்குப் பக்கத்தில் படுத்துறங்குபவர், அந்தத் தண்ணீரில் பால்மா கரைப்பவர், தரைத் துவாரத்தால் அழுக்கு எழும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் பல வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்தான்.

அவருக்கு உரிமையே இல்லை என்பதல்ல. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி வீட்டைச் சுகாதார, பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப வைத்திருப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. ஆனால் புதிதாக வந்து, நிலக்கீழ் அறையில் தங்கி, அடுத்த மாத வாடகையை எண்ணிக்கொண்டிருப்பவர் அந்தச் சட்டத்தைத் தூக்கிப் பிடிப்பாரா? பெரும்பாலும் வாய் திறக்கமாட்டார். வீட்டுக்காரரும் எம்மவராக, சிலவேளை ஒரே ஊரவராக இருப்பதால் இன்னும் கூச்சப்படுவார்.

ஆகவே நாம் பேசவேண்டியது வீடு வைத்திருக்கும் எமது உறவுகளோடுதான். எம்மில் பலர் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் நிலக்கீழ் அறைகளில் இருந்தவர்களே. இன்று சொந்த வீட்டின் மேல்மாடியில் இருக்கிறோம். உங்கள் வீடு பழையதென்றால் குழாயைப் பாருங்கள். ஈயமென்றால் கீழே இருப்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வால்வு பொருத்தியிருந்தால் இன்னொன்றையும் நினைவில் வைத்திருங்கள். பெருமழை நேரம் அந்த வால்வு மூடிக்கொண்டால் வெளிச் சாக்கடை உள்ளே வராது, ஆனால் உங்கள் வீட்டுக் கழிவுநீரும் வெளியே போகாது. அப்போது மேலே நீங்கள் குளித்தால் அது கீழே இருப்பவரின் அறையில் எழும்.

வாடகைக்கு இருப்போருக்கும் சில வார்த்தைகள். கழிவுநீர் எழுந்தால், மின்சாரச் சொருகிகளை நீர் தொட்டிருக்கும் நிலையில் உள்ளே இறங்காதீர்கள். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். கையுறை, சப்பாத்து இல்லாமல் தொடாதீர்கள். நனைந்த மெத்தையையும் காப்பெற்றையும் காயவைத்துப் பாவிக்க நினைக்காதீர்கள், ஓரிரு நாட்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும், இழுப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. வீட்டுக்காரரின் காப்புறுதி உங்கள் பொருட்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கென ஒரு காப்புறுதி எடுக்கும்போது, சாக்கடை திரும்பி வருவது அதில் அடங்குமா என்று குறிப்பாகக் கேளுங்கள், அது பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டியதொன்று. 311ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். அழைப்பதற்கு வீட்டுச் சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை.

நகரசபையிடம் நாம் கேட்பது ஒன்று. குழாய் பற்றியும் வெள்ளம் பற்றியும் அனுப்பும் அறிவித்தல்கள் சொந்தக்காரரின் பெயருக்கு மட்டும் போகாமல், அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கும் எல்லோருக்கும் போய்ச்சேர வேண்டும். அந்தச் சொற்களின் பொருள் எளிய தமிழிலும் இருக்க வேண்டும். எமது சங்கம் இதனை எமது பகுதி நகரசபை உறுப்பினரிடம் எழுத்தில் கேட்கவுள்ளது.

அது நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த வார இறுதியில் ஒரு திறப்பையும் ஒரு காந்தத்தையும் எடுத்துக்கொண்டு மீற்றருக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கீழே ஒரு குடும்பம் இருந்தால் கதவைத் தட்டி அவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.