இராவணா-1: வானில் இருப்பது யாருடைய கண்?

இலங்கைக்குச் சொந்தச் செய்மதி கிடைத்துவிட்டதாகத் தென்னிலங்கை இரண்டு தடவைகள் கொண்டாடியிருக்கின்றது. இரண்டும் ஒன்றல்ல.

முதலாவது சுப்ரீம்சாற்-1. 2012 நவம்பர் 27 அன்று சீனாவின் சீசாங் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டது. உண்மையில் அது சைனாசாற்-12 என்ற சீனச் செய்மதி. அதன் ஒரு பங்கைப் பெற்ற இலங்கைத் தனியார் நிறுவனம் தனது பெயரைச் சூட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது இராவணா-1. ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள சிறு பெட்டி. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கினர். 2019 ஏப்ரலில் அமெரிக்க ரொக்கெட்டில் சென்று, ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. நேபாளத்தின் முதற் செய்மதியும் அதே திட்டத்தில்தான் சென்றது. இது வாடகைப் பெருமையல்ல, கற்றுக்கொண்ட அறிவு. அதை நான் மதிக்கின்றேன்.

ஆனால் பெயர் உறுத்துகின்றது. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடமென்பது கன்னியா வெந்நீரூற்றின் ஐதீகம். இராவணன் பெயர் வானேறி ஒரு மாதத்துக்குள், ஜூலை 16 அன்று, அங்கு வழிபடத் திரண்ட தமிழர்கள் தடுக்கப்பட்டனர்.

ரொக்கெட் ஏவும் வல்லமை இலங்கைக்கு இல்லை. அது வெட்கமுமல்ல. செய்மதி எடுக்கும் படம் யார் கைக்குப் போகின்றது என்பதே கேள்வி.

இறுதிப்போரை வன்னிக்குள் கடந்து வந்தவன் நான். 2008 செப்டெம்பரில் தொண்டு நிறுவனங்கள் வெளியேற்றப்பட்டன. சுயாதீன ஊடகவியலாளர்களுக்கும் அனுமதியில்லை. எங்கள் தலைக்கு மேலே சுற்றிய வெளிநாட்டுச் செய்மதிகளே எறிகணைக் குழிகளைப் பதிவு செய்தன. 2011 இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கைக்கு அந்தப் படங்களும் சான்றாகின. அவை கொழும்பின் கையில் மட்டும் இருந்திருந்தால் வெளியே வந்திருக்குமா?

ஆகவே நாளை இலங்கை பெரிய செய்மதியொன்றை அனுப்பினால், அதன் படங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதே எமது முதற் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஐரோப்பாவின் சென்ரினல்-2 செய்மதிகளின் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்து மீற்றர் அளவுவரை தெரியும். சில நாட்களுக்கொருமுறை புதிய படம் வரும். முல்லைத்தீவில் காடு எங்கே அழிகின்றது, கரை எங்கே அரிக்கப்படுகின்றது, விடுவிக்கப்படாத காணிகளில் என்ன எழுகின்றது என்பதை யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் இன்றே ஆவணப்படுத்தத் தொடங்கலாம்.